மேற்குப் பாத்திக் கீரை

நாச்சிமுத்து கீரை தின்னமாட்டார் என்பது அந்த வளவில் குடியிருந்த எல்லோருக்கும் தெரியும். திருப்பூரில் நொய்யலை ஒட்டி வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகள் அவை. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் அடுத்த வீட்டில் தும்மல் வரும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனுஷன் எதைத் தின்கிறான், எதைத் தின்பதில்லை என்பதெல்லாம் மறைகிற சங்கதியா? கல்யாணப் பந்தியில் கீரைக் கடையல் வந்தால் இலைக்கு மேல் கையை விரித்து மறைத்துக்கொள்வார். கேட்டால், "சிவன்மலைக்கு வேண்டுதலுங்க" என்பார். என்ன வேண்டுதல், பலித்ததா இல்லையா என்று அதற்கு மேல் ஒருவரும் துருவியதில்லை.

வேண்டுதலாவது ஒன்றாவது! சிவன்மலை முருகனுக்கும் அந்தக் கீரைக்கும் எள்ளளவும் சம்பந்தம் கிடையாது. பல வருஷமாக அவர் சொல்லிவந்தது முழுப் பொய். பாவம், அந்தப் பொய்யைத் தவிர அவரிடம் வேறு பொய்யும் கிடையாது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சாமளாபுரத்துக் கைத்தறிக் குடும்பத்தில் பிறந்து, பங்காளிகளோடு ஒத்துப்போகாமல் பெண்டாட்டி சுப்பாத்தாளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தவர். பனியன் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். பின்னி முடித்த துணி பழுப்பாகத்தான் இருக்கும். அதை வெள்ளையாக்க ஆற்றோரம் சலவைப் பட்டறைகள் வந்தன. அப்படி ஒரு பட்டறையில் நாச்சிமுத்துவுக்கு ஆசிட் தொட்டி வேலை.

வேலை இதுதான். துணியைச் சோடாவில் வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அதில் வெளுப்பு வந்துவிடும், ஆனால் காரமும் துணியிலேயே தங்கிவிடும். அந்தக் காரத்தை முறிக்க ஆசிட் கலந்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, பிறகு நல்ல தண்ணீரில் அலசவேண்டும். அலசினது போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? துணியின் நுனியைப் பிழிந்து ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்ப்பார்கள். புளித்தால் ஆசிட் மிச்சம் இருக்கிறது. வழவழத்தால் காரம் மிச்சம் இருக்கிறது. சப்பென்று இருந்தால் துணி காயப்போகலாம். அந்தப் பட்டறையில் நாச்சிமுத்துவின் நாக்கு வைத்ததுதான் சட்டம். முதலாளியே, "நாச்சிமுத்து பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் துணியை வெயிலுக்கு அனுப்புவார். அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

வீட்டில்தான் குறை. சுப்பாத்தாளுக்கு இரண்டு தடவை கரு தங்கி, இரண்டும் மூன்று மாதம் தாண்டவில்லை. மூன்றாவது தடவை நான்காம் மாதம் தாண்டியது. அரசாங்க ஆஸ்பத்திரி லேடி டாக்டர் அவள் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லையேம்மா" என்றார். கொடுத்த மாத்திரை வயிற்றில் நிற்காமல் வாந்தியாகப் போனது. "அப்படியானால் கீரையாவது தினமும் சாப்பிடு. ஒருநாள்கூட விடாதே" என்று சொல்லி அனுப்பினார்.

சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமே என்று தோன்றும். நாச்சிமுத்துவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஆற்றோரக் கீரைத் தோட்டங்களுக்குப் பாய்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அவர் தொட்டியிலிருந்து திறந்துவிடுகிற தண்ணீர்தான். அதனால் வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தைக் கொத்தி, கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக இரண்டு பாத்தி பிடித்து அரைக்கீரை விதைத்தார்.

கீரை முளைத்தது. ஆனால் அதைக் கீரை என்று சொல்ல வாய் வராது. இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் வெளிறிக் கிடந்தது. மஞ்சளும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல், பார்த்தால் சுப்பாத்தாளின் கீழிமை மாதிரியே இருந்தது. சாணி போட்டார், ஆட்டுப் புழுக்கை போட்டார், ஒன்றுக்கும் அசையவில்லை. ரத்தமில்லாதவளுக்கு ரத்தமில்லாத கீரையைக் கொடுத்து என்ன பிரயோசனம் என்று நொந்துகொண்டார்.

அப்போதுதான் கிட்டுசாமி வந்து சேர்ந்தான். சேவூர்ப் பையன், கிராம சேவக் உத்தியோகம், சைக்கிளில் ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்கு யோசனை சொல்வது அவன் வேலை. அந்த வளவில் அவனுடைய அக்கா குடியிருந்தாள். கீரையைப் பார்த்ததும் கீழே உட்கார்ந்து ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான்.

"மண்ணுல இரும்பு இல்லாம இல்லீங்க, அண்ணா. மண்ணுல சுண்ணாம்புக்கல்லு, கெணத்துல உப்புத்தண்ணி. ரெண்டும் சேந்து காரமாக் கெடக்குது. அது இரும்பக் கட்டிப் போட்டிருச்சு. வேரு இழுக்க முடியாமத் தவிக்குது. வேரு வழியா முடியாததை எலை வழியாக் குடுத்துப் பாக்கலாமுங்க."

"எலை வழியாவா?"

"ஆமாங்க. நாட்டு மருந்துக் கடையில அன்னபேதின்னு இரும்பு உப்பு விக்கும், அதை வாங்கித் தண்ணியில கரைச்சு எலை மேல தெளிக்கறது. ஆனா இந்தக் கெணத்துத் தண்ணியில அப்படியே போட்டா துரு மாதிரி செவந்து அடியில தங்கீரும், எலைக்கு ஒண்ணும் போகாது. தண்ணியக் கொஞ்சம் புளிப்பாக்கோணும்..."

மிச்சத்தையும் கேட்டிருக்க வேண்டும். புளிப்பு என்கிற சொல் காதில் விழுந்ததும் நாச்சிமுத்து எழுந்துவிட்டார். காரத்தைப் புளிப்பால் முறிப்பது அவர் அன்றாடம் செய்கிற வேலை. அதை ஒரு பையனிடம் கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்? மறுநாள் பட்டறையிலிருந்து ஒரு பாட்டிலில் ஆசிட் கொண்டுவந்தார். கிணற்றுத் தண்ணீரில் கலந்து, அன்னபேதியைக் கரைத்து, ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தார். லேசான புளிப்புதான், சரியாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த நேரத்திலேயே, உச்சி வெயிலில், விளக்குமாற்றை நனைத்து நனைத்து மேற்குப் பாத்தி முழுவதும் உதறிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வந்து பார்த்தால் இலையெல்லாம் தீப்பொறி விழுந்தது மாதிரி ஓட்டை ஓட்டையாகக் கருகிக் கிடந்தது. சுப்பாத்தாள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு பாத்தி ஓரத்தில் நின்றிருந்தாள்.

"இதையா நான் திங்கோணுமுங்க?"

"இதைத் திங்கச் சொல்லுவனா? இது போனாப் போகுது. வேற வெதைச்சுக்கலாம்."

"எலையே இப்படிப் பொசுங்குதுங்க" என்றாள். கருகின இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் அவமானத்தில் இருந்த நாச்சிமுத்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த தடவை வந்தபோது கிட்டுசாமி மிச்சம் இருந்த கரைசலில் ஒரு நீல லிட்மஸ் தாளை நனைத்தான். வெற்றிலை போட்ட வாயாகச் சிவந்தது அது.

"அண்ணா, இது எலைக்கு இல்லீங்க, கக்கூஸ் களுவறதுக்கு. நாக்குல பாத்தீங்களா?"

"லேசாத்தான புளிச்சுது?"

"உங்க நாக்கு ஆசிட்டுலயே ஊறிக் கெடக்குது. உங்களுக்கு லேசுன்னா மத்தவங்களுக்கு வாய் வெந்துரும்." சிரித்துவிட்டு, பிறகு நிதானமாகச் சொன்னான். "பட்டறை ஆசிட் வேண்டாமுங்க, அதுல என்னென்ன கலந்திருக்குமோ. எலுமிச்சம்பழம் போதும். தாள் லேசா ரோஸ் ஆனா நிறுத்திக்கோணும். வெய்யில் தாழ்ந்த பொறவுதான் தெளிக்கோணும். மொதல்ல ரெண்டே செடிக்குத் தெளிச்சு, கருகுதான்னு பாத்துட்டு மிச்சத்துக்குத் தெளிங்க. கொசுமருந்தடிச்ச பம்பை எடுத்துறாதீங்க, நான் புதுசு ஒண்ணு தர்றேன். இன்னொண்ணு, தெளிச்ச பாத்தியில ஒரு வாரம் கை வைக்கக் கூடாது. பொறவும் ரெண்டு மூணு தண்ணி அலசித்தான் சட்டியில போடோணும்."

இந்த முறை நாச்சிமுத்து ஒன்றையும் விடாமல் கேட்டார். மறுபடி விதைத்தார். எலுமிச்சம்பழம் பிழிந்து, தாளை நனைத்துப் பார்த்து, சூரியன் சாய்ந்த பிறகு புகை மாதிரி மெல்லிசாகத் தெளித்தார். ஒரு பாத்தியில் தெளித்தால் ஒரு வாரம் மற்றதில்தான் பறிப்பது என்று முறை வைத்துக்கொண்டு, சுப்பாத்தாளிடமும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தார். இரண்டு தெளிப்புக்குப் பிறகு கீரை நிறம் மாறியது. கரும்பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை, இலை கனத்து மினுமினுத்தது. வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை போய்ப் பார்ப்பார். பிள்ளையே பிறந்துவிட்டது மாதிரி சந்தோஷம்.

சுப்பாத்தாள் தினமும் கீரை கடைந்தாள். அவருக்கு ஒரு கரண்டி போட வந்தால், "எனக்கெதுக்கு? அத்தனையும் உனக்குத்தான்" என்று சட்டியைத் தள்ளிவைப்பார். சாயங்காலம் வந்ததும் முதல் கேள்வி, "கீரை தின்னியா?" "தின்னனுங்க" என்பாள். கழுவிக் கவிழ்த்த சட்டியைப் பார்த்தால் அவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

ஏழாம் மாதத்தில் ஒருநாள். முந்தின சாயங்காலம்தான் மேற்குப் பாத்திக்குத் தெளித்திருந்தார். மத்தியானம் சாப்பிட வந்தவர் கொல்லைப்புறம் எட்டிப் பார்த்தார். மேற்குப் பாத்தி ஒட்டப் பறிக்கப்பட்டிருந்தது. அடுப்பில் கீரை வெந்துகொண்டிருந்தது.

"எந்தப் பாத்தியில பறிச்சே?"

"மேக்காலதுலீங்க. ஏனுங்க?"

அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தார். "இன்னைக்கு இதை விட்டுரு, கொட்டிரு" என்று மட்டும் சொன்னார். பட்டறையில் துணி ஊறிக்கொண்டிருந்தது, ஓடவேண்டி இருந்தது. சாயங்காலம் வந்து பார்த்தபோது சட்டி வழக்கம்போலக் கழுவிக் கவிழ்ந்து கிடந்தது. கொட்டினாயா, தின்றாயா என்று கேட்க நாக்கு எழவில்லை.

அந்த வாரமே வலி வந்துவிட்டது. ஆண் குழந்தை. பிறந்து ஒரு பகல் இருந்தது. அழக்கூட அதற்குத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாச்சிமுத்து நின்றிருந்தார். லேடி டாக்டர் உள்ளே சுப்பாத்தாளோடு ஏதோ பேசிவிட்டு வெளியே வந்து, "பெரிய உயிர் பிழைத்ததப்பா, மனதைத் தேற்றிக்கொள்" என்றார். அம்மா, அன்னபேதி தெளித்த கீரையை மறுநாளே தின்றால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகுமா ஆகாதா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஒரு நிமிஷத்தில் பதில் கிடைத்திருக்கும். எலுமிச்சம்பழத்தண்ணீரில் ஒரு சிட்டிகை அன்னபேதி, அலசி வேகவைத்த கீரை, அதில் ஒரு உயிர் போய்விடாது என்று அந்த அம்மாள் சொல்லியிருப்பார். நாச்சிமுத்து கேட்கவில்லை. ஆகாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம். தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பாத்தியையும் வேரோடு பிடுங்கிப் போட்டார், அந்த இடத்தில் செங்கல் பாவினார். கிட்டுசாமியின் பம்பைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். அவன் மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவன் சொன்னது சரியாகத்தானே இருந்தது, ஒரு வாரம் கை வைக்கக் கூடாது என்று சொன்னானே. அவளிடம் அழுத்திச் சொல்லாமல் விட்டது தான்தானே என்று தன்னையே தின்றுகொண்டார். அன்று விட்டதுதான் கீரை. சிவன்மலைக்கு வேண்டுதல் என்று சுப்பாத்தாளிடமும் சொன்னார். "நானும் விட்டர்றனுங்க" என்றாள் அவள். ஏன் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் வயிற்றில் கரு தங்கவே இல்லை.

ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் எத்தனை வருஷம் பேசாமல் இருக்க முடியும்? பேசாமல் என்றால் சண்டை இல்லை. அரிசி, பருப்பு, தண்ணீர், பட்டறை, நோம்பி எல்லாம் பேசுவார்கள். மாரியம்மன் நோம்பிக்கு அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார், அவளும் அவருக்குப் பிடித்த கச்சாயம் சுட்டு வைப்பாள். அந்த ஒன்றை மட்டும் இருவரும் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். வருஷம் ஓடியது. திருப்பூர்ப் பனியன் கப்பலேறி வெளிநாடு போகத் தொடங்கியது. ஆற்றுத் தண்ணீரின் நிறம் மாறியது. பட்டறையில் நாச்சிமுத்து மேஸ்திரி ஆனார், தலை நரைத்தது.

எழுபத்தாறில் பக்கத்து வீட்டுக்கு லிங்கசாமி குடிவந்தான். சோமனூர்க்காரன், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அவன் பெண்டாட்டி சாரதாமணிக்கு ஐந்தாம் மாதம். இருவரும் கொல்லைப்புறத்தில் கீரை விதைத்தார்கள். அதுவும் வெளிறித்தான் வந்தது. யாரோ அவனிடம், நாச்சிமுத்து மேஸ்திரி அந்தக் காலத்தில் மருந்து தெளித்து அதைப் பச்சையாக்கியவர் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் குண்டாவில் தண்ணீரும் பொட்டலத்தில் அன்னபேதியுமாக வந்து நின்றான்.

"அண்ணா, இதுல எவ்வளவு போடோணுமுங்க? சாரதாமணிக்கு ரத்தம் கம்மின்னு சொல்லீட்டாங்க. கீரை நல்லா வந்தா..."

அவன் முடிக்கவில்லை. நாச்சிமுத்து குண்டாவைப் பிடுங்கி வீசினார். தண்ணீர் செங்கல் தரை முழுவதும் ஓடியது. யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத மனுஷன் கத்தினார்.

"தெளிக்காதே! அந்தக் கீரையப் புள்ளத்தாச்சிக்குக் குடுக்காதே! என்ற புள்ளைய நான் அப்படித்தான் கொன்னேன். தெளிச்ச மறுநாளே அவ தின்னா. நான் தடுக்காம வேலைக்குப் போயிட்டேன். நாந்தான் கொன்னேன்!"

துணி துவைத்துக்கொண்டிருந்த சுப்பாத்தாள் எழுந்து வந்தாள். கையெல்லாம் சோப்பு நுரை. முகம் வெளுத்திருந்தது. அவள் பார்த்த பார்வையைப் புரிந்துகொண்டு லிங்கசாமி மெதுவாகத் தன் வீட்டுக்குள் போய்விட்டான்.

"என்னங்க சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல புள்ளே."

"அதுக்குத்தான் கீரைய விட்டீங்களா? இத்தனை வருசமா இதையா நெஞ்சுல வெச்சிருந்தீங்க?" அவள் செங்கல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் அதைத் திங்கலீங்க. ஒரு நாளும் திங்கல."

நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை.

"மொதல்ல நீங்க தெளிச்சதுல எலை பொசுங்கிக் கெடந்துச்சே, அதைப் பாத்த கண்ணுக்கு வேற ஒண்ணும் தோணல. எலையவே பொசுக்குனது வயித்துப் புள்ளைய விட்டுவெக்குமான்னு பயம். நீங்க ஆசையாத் தெளிக்கறதப் பாத்தா சொல்லவும் வாய் வரல. தெனமும் கடைவேன், நீங்க அக்கட்டப் போனதும் அப்ப வளவுல இருந்த செல்லாத்தாக்காளோட வெள்ளாட்டுக்கு ஊத்தீருவேன். ஆட்டுக்குத்தானேன்னுதான் அன்னைக்கும் பாத்தி பாக்காமப் பறிச்சேன்." அவள் குரல் உடைந்தது. "ஆஸ்பத்திரியில அந்த டாக்டரம்மா கேட்டாங்க. ஒடம்புல பொட்டு ரத்தமில்ல, கீரை தின்னச் சொன்னேனே, தின்னியான்னு. தின்னனுங்கன்னு பொய் சொன்னேன். புள்ளையக் கொன்னது நீங்க இல்லீங்க. நாந்தான்."

ஒரு கணம் நாச்சிமுத்துவுக்கு உடம்பே லேசானது. அவள் தின்னவில்லை. அவர் தெளித்தது பிள்ளையைத் தொடவே இல்லை. இத்தனை வருஷத்துச் சுமை இறங்கியது. அடுத்த கணம் அவள் முகத்தைப் பார்த்தார். அதே சுமையை அவளும் இத்தனை வருஷம் தனியாகச் சுமந்திருக்கிறாள், இனியும் சுமக்கப் போகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. தான் லேசானதற்காக அவருக்கு வெட்கமாக இருந்தது.

அவள் பக்கத்தில், ஈரத்தில், உட்கார்ந்தார்.

"சுப்பாத்தா, இங்க பாரு. நீ தின்னிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. அந்தக் கீரையில என்ன இருந்துச்சு? துணிக்கு நீலம் போட்டா வெள்ளையாத் தெரியுமில்ல, அதாட்டத்தான். நான் நெறத்தை ஏத்துனேன், சத்து ஒண்ணும் ஏறல. வெறும் பச்சை."

தன் வாழ்நாளில் தன் கையால் செய்த ஒரே நல்ல காரியம் என்று அவர் நினைத்திருந்தது அந்தப் பச்சைதான். அதை ஒன்றுமில்லை என்று சொன்னார்.

சுப்பாத்தாள் கையில் காய்ந்துகொண்டிருந்த நுரையைப் பார்த்தாள். நம்ப வேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான்.

"அந்தக் கீரையத் தின்ன ஆடு ரெட்டைக் குட்டி போட்டுச்சுங்க" என்றாள் கடைசியில். "ரெண்டும் அத்தனை ஊட்டமா இருந்துச்சு. நாந்தான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

"வெள்ளாடுன்னா ரெண்டு போடறதுதான்."

"அதுக்கு முந்தி அது ஒண்ணுதானுங்க போட்டுச்சு."

அந்தப் பழியைத் திரும்பத் தன் தலையிலேயே ஏற்றிக்கொள்ள ஒரு வழி இருந்தால் நாச்சிமுத்து அந்த நிமிஷமே ஏற்றிக்கொண்டிருப்பார். வழி இல்லை. நுரை காய்ந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் தங்கள் பிள்ளைக்காக ஒன்றாக உட்கார்ந்து அழுதது அன்றைக்குத்தான்.